அண்ணனூர் வீட்டுச் சுவரில் மூன்று மீட்டர்

1

ஏறிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை, அண்ணனூரில் எங்கள் வீட்டு முன்சுவரில், பழைய மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் இரண்டு புது மீட்டர்கள் ஏறிவிட்டன. போட்டோ வந்தபோது நான் இங்கே கனடாவில் வாசலில் கொட்டிக் கிடந்த பனியை வாரிக்கொண்டிருந்தேன். கையுறையைப் பல்லால் இழுத்துவிட்டுப் பார்த்தேன். மூன்று பெட்டிகள், பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி வரிசையாக. பனி வாரும் மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

என் கணவர் பாஸ்கர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து, "சீல்கூட வெச்சிட்டாங்க சுமதி" என்றார். அவர் அதிகம் பேசாதவர். அவருக்கு இதுவே குதியாட்டம். எங்கள் மகள் நிலாவுக்குப் பதின்மூன்று வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது. எட்டிப் பார்த்துவிட்டு, வெறும் பெட்டிதானே, இதற்கு ஏன் இவ்வளவு சத்தம் என்று தோளைக் குலுக்கிக்கொண்டு போனாள். தரை முழுக்க என் பூட்ஸ் தண்ணீர்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் அதே கேள்வி வரும். குடித்தனக்காரர்களுக்குத் தனி மீட்டர் போட்டுக் கொடுப்பது ஆவடி, அம்பத்தூர் பக்கம் தினமும் நடக்கிற காரியம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. இந்த இரண்டு பெட்டிகளுக்காக அரை வருஷம் நான் என் அம்மாவோடு மல்லுக்கட்டினேன். தனி மீட்டர் வராவிட்டால் பின்போர்ஷன் கல்பனா வீட்டைக் காலி செய்துவிடுவாள். கல்பனா போய்விட்டால் அந்த வீட்டில் அம்மாவுக்கு ஆள் இல்லை. சென்ற வருஷம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கல்பனாதான். ஒரே மகளான நான் இங்கே விமான டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டோ வந்த அன்றே எழுத உட்கார்ந்திருப்பேன். ஆனால் மீட்டர் ஏறியதோடு கதை முடியாது, வருகிற ஒன்றாந்தேதி அம்மா என்ன செய்யப்போகிறாள் என்பதையும் பார்க்கவேண்டும் என்று காத்திருந்தேன். இன்று ஒன்றாந்தேதி. பார்த்துவிட்டேன். காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது, ஆறட்டும்.

2

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலம்வரை கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் மனை வாங்கி, முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம், கடைசியில் மாடி என்று கட்டினார். நாங்கள் முன்பக்கம். மற்ற இரண்டும் வாடகைக்கு. மின் இணைப்பு மட்டும் ஒன்றே ஒன்று, அப்பா பெயரில் வாங்கி அம்மா பெயருக்கு மாறியது.

ஒரே இணைப்பில் மூன்று குடும்பம் என்றால், யார் எவ்வளவு எரித்தார்கள் என்று தெரியவேண்டுமே. அதற்காக அப்பா ஒவ்வொரு போர்ஷனுக்கு உள்ளேயும் வாசற்படிக்கு மேலே ஒரு சின்ன மீட்டர் மாட்டினார். சப் மீட்டர் என்போம். மின்வாரியத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடுவே உள்ள ஏற்பாடு. அதைப் பார்த்துக் கணக்குச் சொல்வது அம்மாவின் வேலை ஆயிற்று.

இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். சொந்த வீடு கட்டுவதற்கு முன்னால் நாங்கள் அம்பத்தூரில் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டுக்காரம்மாவுக்கு நேரம் காலம் கிடையாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார், அடுப்பில் இருக்கும் சட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பார், கறி வாங்கினால் என்ன விசேஷம் என்று கேட்பார். ஒருநாள் அம்மா தலைக்குக் குளித்து ஈரத்துணியோடு நின்றபோதும் வந்து நின்றார். அன்றைக்கு அம்மா அழுததை நான் பார்த்திருக்கிறேன். நமக்கென்று ஒரு வீடு வந்தால், குடித்தனக்காரர் வாசற்படியைக் காரணம் இல்லாமல் மிதிக்கமாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டாள்.

சொன்னபடி இருந்தாள். அப்பா இருந்தவரைக்கும் சரி, அவர் போன பிறகும் சரி, பின்போர்ஷனில் பிள்ளைக்குக் காது குத்தினாலும் கூப்பிட்டால்தான் போவாள். போனாலும் வாசலில் நின்று மொய்ப்பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். வீட்டுக்காரி என்பவள் குடித்தனக்காரர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் அவர்களுக்குச் சோறு இறங்காது என்பது அவள் கட்சி.

மீட்டர் பார்க்கும் நாள் மட்டும் விதிவிலக்கு. மீட்டர் உள்ளே இருக்கிறதே.

3

வாரியம் கணக்கெடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அம்மா கணக்கெடுப்பது மாதா மாதம், ஒன்றாந்தேதி சாயந்திரம். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். ரெண்டு மாசம் விட்டால் நம்பர் மறந்துபோகும் என்றாள். அம்மாவுக்கு என் எட்டாம் வகுப்பு ராங்க்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது. மீட்டர் நம்பர் மறக்குமாம். நான் அதை அப்படியே நம்பினேன், அதுதான் வேடிக்கை.

ஒன்றாந்தேதி நான் போன் செய்தால் அம்மா அவசரத்தில் இருப்பாள். முகம் கழுவி, பவுடர் போட்டு, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்திருப்பாள். மீட்டர் பார்க்கணும், அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுவாள். அரசாங்க ஆய்வுக்குப் போகிறவள் மாதிரி என்ன தோரணை என்று பாஸ்கரிடம் சொல்லிச் சிரிப்பேன்.

மாடியில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அங்கே இருப்பது வேலைக்குப் போகிற இளம் ஜோடி, வானகரம் பக்கம் ஏதோ கம்பெனி, பாதி நாள் பூட்டுதான். பின்போர்ஷனில்தான் நேரம் ஆகும். மீட்டர் எண்களைப் பார்க்க ஒரு மனுஷிக்கு அவ்வளவு நேரம் எப்படி ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. கண்ணில் புரை வந்துவிட்டதோ என்று மட்டும் ஒருமுறை பயந்தேன்.

4

நான் இங்கே வந்து ஒன்பதாவது குளிர்காலம் இது. வந்த புதிதில் நாங்களும் குடித்தனக்காரர்கள்தான். ஒரு வீட்டின் நிலவறையில் இருந்தோம். பேஸ்மென்ட் என்பார்கள், பாதி ஜன்னல் மண்ணுக்கு மேலே, பாதி கீழே. ஹீட்டர் செலவு வாடகையில் அடக்கம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். போன பிறகுதான் தெரிந்தது, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி மேலே வீட்டுக்காரரின் கூடத்தில், பிளாஸ்டிக் மூடி போட்டுப் பூட்டி இருந்தது. அடக்கம் என்றால் நாம்தான் அடங்கி இருக்கவேண்டும். முதல் ஜனவரியில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, அதற்குமேல் பாஸ்கரின் கோட் போட்டுக்கொண்டு சமைத்தேன். மேலே போய்க் கேட்க இருவருக்கும் கூச்சம்.

பிறகு மின்சாரம் தனியாக இருக்கிற வீட்டுக்கு மாறினோம். பில் கட்டுவதற்காக நகராட்சி அலுவலகத்துக்கு முதன்முதலாகத் தனியாகப் போனேன். ஊர்ப் பழக்கத்தில், கரண்ட் பில் கட்டவேண்டும் என்று கவுன்ட்டரில் கம்பீரமாகச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு இந்த மாதத்துத் தண்ணீர் பில்லை அச்செடுத்துக் கொடுத்தாள். இது இல்லை, கரண்ட், கரண்ட் என்றேன். ஆமாம், இதுதான் கரண்ட் என்றாள். இங்கே மின்சாரத்துக்கு ஹைட்ரோ என்று பெயர், அதற்கு வேறு அலுவலகம், கரண்ட் பில் என்றால் நடப்பு மாத பில் என்று பாஸ்கர் வந்து விளக்கும்வரை நானும் அவளும் மாறி மாறித் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

மூன்று வருஷத்துக்கு முன் சொந்தமாக வீடு வாங்கினோம். கடன் இருக்கிறதே, நாங்களும் கீழே பேஸ்மென்டை வாடகைக்கு விட்டோம். மின்சாரம், ஹீட்டர், தண்ணீர் எல்லாம் குடித்தனக்காரர் தனியாகக் கட்டுவதா, வாடகையிலேயே சேர்த்துவிடுவதா என்று இரண்டு வாரம் பேசினோம். பாஸ்கர் எக்செல் போட்டார். நிலா அதில் வண்ணம் அடித்தாள். கடைசியில் எல்லாம் சேர்த்தே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். மாதா மாதம் பில்லைக் கொண்டுபோய்க் காட்டவேண்டாம், முகத்தைப் பார்த்துக் கணக்குப் பேசவேண்டாம், தொல்லையே இல்லை என்று பாஸ்கருக்குப் பெருமை.

அப்படியே நடந்தது. கீழே மரிசெல் வந்தாள். பிலிப்பைன்ஸ்காரி, முதியோர் இல்லத்தில் இரவுப் பணி. வாடகை பேங்க்கில் தானாக வந்து விழும். அவளைக் குப்பைத்தொட்டி வெளியே வைக்கிற நாளில் பார்ப்பேன், குளிர் அதிகம் என்று இருவரும் சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான். இந்த டிசம்பரில் தவறி எங்கள் பெட்டியில் விழுந்த பார்சலைக் கொடுக்க நிலா கீழே போனாள். மரிசெல் வீட்டுக்குள்ளேயே கோட் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று வந்து சொன்னாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்திருப்பாள் என்றேன்.

5

இப்போது சண்டைக்கு வருகிறேன். போன கோடையில் மாடி ஜோடி ஏசி மாட்டினார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, அந்த வெயிலில் புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டது என்று அம்மாவே சொன்னாள். ஆனால் ஊரில் மின் கட்டணம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு இணைப்பில் யூனிட் ஏற ஏற, யூனிட்டின் விலையும் ஏறும். அரசு தருகிற இலவச யூனிட்டும் இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. மாடியில் ஏசி ஓடினால் பின்போர்ஷன் மின்விசிறிக்கும் விலை கூடிவிடும்.

கல்பனாவுக்கு அது வயிற்றில் அடி. அவள் தெருவுக்கே தோசை மாவு அரைத்துக் கொடுப்பவள். அவளுடைய கிரைண்டர்தான் அந்த வீட்டில் சம்பாதிக்கும் இரண்டாவது ஆள், முதல் ஆள் மின்சார ரயில்களைப் பழுதுபார்க்கும் அண்ணனூர் கார் ஷெட்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் அவள் புருஷன். அவளுக்கென்று தனி இணைப்பு இருந்தால் பில் பாதிகூட வராது. திருநின்றவூரில் தனி மீட்டரோடு ஒரு வீடு இருக்கிறதாம், வாடகையும் குறைவு, ரயில் இருக்கிறது என்று புருஷன் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கல்பனா எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். பெரிம்மாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அக்கா என்றாள்.

இதில் என்ன இருக்கிறது என்று உற்சாகமாக அம்மாவுக்குப் போன் போட்டேன். தனித்தனி மீட்டர் போட்டால் எல்லோருக்கும் லாபம், உனக்கும் மாதா மாதம் படியேறுகிற வேலை மிச்சம் என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக்கூடாது.

"நா உசுரோட கீற வரிக்கும் இந்த ஊட்ல ஒரு மீட்டருதான். உங்கப்பன் மாட்டனது, அது பாட்டுக்கு கெடக்கட்டும்."

பாஸ்கர் மறுபடி எக்செல் போட்டார். அம்மாவுக்கு எக்செல் எதற்கு, நான் வாயாலேயே விளக்கினேன். வீட்டுக்காரி என்கிற அதிகாரத்தை விட மனசு வரவில்லை என்று நினைத்தேன். சப் மீட்டரில் நாலு காசு மிச்சம் பிடிக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் விசாரித்தால், கல்பனாவுக்கு ஏறின விலையில் பாதியை இவளே கையிலிருந்து போட்டுக் கட்டியிருக்கிறாள். நஷ்டப்பட்டு எதற்கு இந்தப் பிடிவாதம்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சரி, நானே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால் வழிக்கு வருவாள் என்று இங்கிருந்தே இணையத்தில் உட்கார்ந்தேன். வரி ரசீது, ஆதார், ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிச் சமையலறை, தனி வழி இருப்பதற்குப் போட்டோ, எல்லாம் கல்பனா அனுப்பினாள். ஒவ்வொன்றையும் பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது கணினி, சிறிதாக்கினால் தெளிவாக இல்லை என்றது. எல்லாம் தாண்டிக் கடைசியில் ஓடிபி, அது அம்மாவின் போனுக்குத்தான் போகும். வந்த எண்ணைச் சொல் என்றேன்.

"ஓடிபியா? அத்த யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னு பேங்குல சொல்லிகிறாங்க."

"நான் உன் பொண்ணும்மா."

"பொண்ணு கொரல்லயே பேசி ஏமாத்துறாங்களாம். டிவில காட்டனான்."

வீடியோவில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னாள். எண்ணின் ஆயுள் முடிந்தது. மறுநாளும் போட்டேன், மறுநாளும் அதே பதில். வங்கிக்காரர்கள் சொன்னதை இந்தியாவிலேயே இவ்வளவு சிரத்தையாகக் கடைப்பிடிப்பவள் என் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

6

நவம்பர் கடைசியில் கல்பனாவே போன் செய்தாள். புருஷன் திருநின்றவூர் வீட்டுக்கு முன்பணம் கொடுக்க நாள் பார்த்துவிட்டாராம். அவள் குரல் கம்மியிருந்தது. எனக்கு அம்மாமேல் இருந்த கோபம் முழுக்க வாயில் வந்தது. பணமும் வேண்டாம், நியாயமும் வேண்டாம், அப்படி என்ன மீட்டர் பைத்தியம் என்று கத்திவிட்டேன். கல்பனா நடுவில் நிறுத்தினாள்.

"அக்கா, பெரிம்மா கரண்டு பாக்கவா வருது? மீட்டர ஒரு தபா அண்ணாந்து பாக்கும், அவ்ளதான். அப்றம் குந்திகினு டீ குடிக்கும். பையன் இன்னா மார்க்கு வாங்கனான்னு கேக்கும். எம் மாமியார எனக்கோசரம் திட்டும். உன்னப் பத்தி பேசும். மீட்டரு வெளிய பூட்ச்சினா அது எத்த சாக்கு வெச்சிகினு வரும்? சும்மா வான்னா வராதுக்கா. உனக்குத் தெரியாதா?"

தெரியும். எனக்குத்தான் தெரியும். அம்பத்தூர் சந்தில் அம்மா அழுதபோது பக்கத்தில் நின்றவள் நான்தானே. காரணம் இல்லாமல் படி மிதிக்கமாட்டேன் என்று அவள் சொன்னதைக் கேட்டவளும் நான்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு பில்லுக்கு மாதா மாதம் கணக்கு, பவுடர், நல்ல புடவை, எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கியது. மாதத்தில் ஒரு சாயந்திரம் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார அவளிடம் இருந்த அனுமதிச் சீட்டு அந்தச் சின்ன மீட்டர். அதைக் கழற்றி உனக்கு வேலையை மிச்சப்படுத்துகிறேன் என்று நான் குதூகலமாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அழுகையும் வந்தது, என்னை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

இதை அம்மாவிடம் கேட்க முடியுமா? கேட்டால் அடுத்த நிமிடமே மறுத்துவிடுவாள். அவளுடைய மானம் அது. மீட்டர் போடாவிட்டால் கல்பனா போய்விடுவாள், போட்டால் அம்மா கல்பனா வீட்டுக்குப் போகமாட்டாள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அம்மாவுக்கு ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. நான் இங்கே உட்கார்ந்து என்ன செய்வேன்? ஒன்றும் செய்யவில்லை, கல்பனாவிடம் ஒன்றாந்தேதி வரை பொறுக்கச் சொன்னேன்.

7

டிசம்பர் ஒன்றாந்தேதி காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அங்கே சாயந்திரம். மீட்டர் பார்க்கப் போகிற நேரத்தில் அம்மாவே போன் செய்தாள். வழக்கமாகச் செய்யமாட்டாள். மூச்சு வாங்கியது.

"சுமதி, அந்த நம்பர அனுப்பச் சொல்லு. சொல்றேன்."

"யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னியே."

"நீ அனுப்பச் சொல்லுடி. கல்பனா கிரைண்டர கயித்துல கட்டி வெச்சிகீறா."

ஒரு கால் பூட்ஸோடு மேசைக்கு ஓடினேன். அவசரத்தில் பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். பாஸ்கர் பின்னால் நின்று, மெதுவா, மெதுவா என்று சொன்னார். எண் போயிற்று. அம்மா கண்ணாடியைத் தேடினாள், கையில்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு இலக்கமாக, குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்வது மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கடைசி இலக்கம் விழுந்ததும் திரையில் பச்சை வந்தது. நான் ஹே என்று கத்தியதில் நிலா மாடியிலிருந்து ஓடிவந்தாள்.

கல்பனாவிடம் அம்மா, போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே, கரண்ட் தனியாக வருகிறது, கிரைண்டரை அவிழ்த்து வை என்று மட்டும் சொன்னாளாம். கல்பனா மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாளாம். அன்று சாயந்திரமே உளுந்து ஊறியது.

இடத்தைப் பார்க்க அதிகாரி ஒருவர் வந்தார். தனித்தனிச் சமையலறை உண்டா என்று பார்க்கவேண்டும். அம்மா அவருக்கு முன்னால் நடந்து, சம்பந்தி வீட்டாருக்கு வீடு காட்டுவது போல ஒவ்வொரு போர்ஷனாகக் காட்டினாளாம். அவர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று போனார். அது ஜனவரி ஒன்றாந்தேதிக்குப் பிறகு வந்த வாரம். கணக்குப்படி, அம்மா பின்போர்ஷனுக்குள் போக இருந்த கடைசிக் காரணம் அதுதான்.

அதனால்தான் போட்டோ வந்த அன்று அத்தனை குதித்த நான், சாயந்திரம் அதே போட்டோவை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன். புது மீட்டர்கள் இரண்டும் வெளிச்சுவரில், அம்மாவின் வாசலுக்குப் பக்கத்தில். உள்ளே இருந்த சப் மீட்டர்களை எலக்ட்ரீஷியன் கழற்றி எடுத்துப் போய்விட்டார்.

8

இன்று ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே விளக்கு வைக்கிற நேரம். வழக்கமாக அம்மா, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடும் நேரம். இன்று வைக்கவில்லை. வாசலில், மீட்டர்களுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பவுடர் இருந்தது. கண்ணாடிக் கூடு மடியில் இருந்தது.

என்ன சாப்பிட்டாய் என்றேன். சொன்னாள். பனி எப்படி என்றாள். சொன்னேன். நிலா என் தோளுக்குப் பின்னாலிருந்து கங்கிராட்ஸ் ஆயா என்றாள், பாட்டியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். இன்னாத்துக்காம் என்று அம்மா கேட்டாள். மீட்டருக்கு என்றேன். ஆமா, பெரிய மீட்டரு என்றாள். ரயில் ஒன்று போகிற சத்தம் கேட்டது. போனை வைக்க மனசு வரவில்லை.

அப்போது கல்பனாவின் குரல் கேட்டது, பக்கத்துச் சந்திலிருந்து. கை முழுக்க மாவோடு வந்து நின்றாள்.

"இன்னா பெரிம்மா, ஒண்ணாந்தேதி ஆச்சே, இன்னும் வர்ல?"

"இன்னாத்துக்கு வரணும்? உன் மீட்டரு இந்தா, இங்க கீது. நீயே பாத்துக்க."

"மீட்டருதான் வெளிய வந்துச்சி. டீ உள்ளதான கீது. அடுப்புல கொதிச்சிகினு கீது, வா."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கல்பனா நிற்காமல் திரும்பிப் போய்விட்டாள். அது அவளுடைய சாமர்த்தியம். நின்றிருந்தால் அம்மா மறுத்திருப்பாள். அடுப்பில் டீ பொங்கி வழிந்தால் பாவம் அல்லவா, அதுவும் ஒரு காரணம்தானே. அம்மா எழுந்தாள். புடவையை உதறிவிட்டுக்கொண்டாள். போனில் நான் இருப்பதையே மறந்துவிட்டாள்.

நான் வைக்கவில்லை. திரையில் சந்தின் சிமெண்ட் தரை ஆடியது, அம்மாவின் செருப்புக் கால் வந்து வந்து போனது, பிறகு ஒரு வாசற்படி. படியில் அந்தக் கால் ஒரு கணம் நின்றது. நானும் பாஸ்கரும் திரைக்குக் குனிந்து பார்த்தோம். கால் தாண்டியது. நிலா என் கையை இறுக்கிப் பிடித்து, "போயிட்டாங்கம்மா" என்றாள், நல்ல தமிழில். நான் சமையலறையில் நின்று கை தட்டினேன், மூக்கைச் சிந்தினேன், மறுபடி தட்டினேன். போன் எங்கோ கவிழ்த்து வைக்கப்பட்டுத் திரை கறுப்பாயிற்று. டம்ளர் சத்தம் கேட்டது. உம் மாமியாக்காரி இப்போ இன்னா சொல்றா என்று அம்மா கேட்பது கேட்டது. அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு கால் தரையில் நிற்கவில்லை. இங்கேயும் இன்று ஒன்றாந்தேதிதானே. கீழே மரிசெல் இரவுப் பணி முடிந்து வந்த கதவுச் சத்தம் அப்போதுதான் கேட்டிருந்தது. எங்கள் கூடத்துச் சுவரில், கீழ்வீட்டுக்கும் சேர்த்து இருக்கும் பெட்டியில் சூட்டைக் கூட்டினேன். பாஸ்கர் பார்த்துத் தலையாட்டினார். அவரும் அந்த ஜனவரியில் கோட்டை எனக்குக் கொடுத்துவிட்டு நடுங்கியவர்தான். நேற்றுச் சுட்ட முறுக்கை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மூன்று வருஷத்தில் அந்தக் கதவை நான் தட்டுவது இதுதான் முதல் தடவை.

மரிசெல் திறந்தாள். வேலைக்குப் போட்டுப்போன கோட் ஆணியில் தொங்கியது, உடம்பில் வேறொரு கோட் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. இந்த மாதம் கரண்ட் அதிகம் ஆகிவிட்டதா, நான் சின்ன விளக்கு மட்டும்தான் போடுகிறேன் என்றாள்.

இல்லை என்றேன். எதையும் குறைக்கவேண்டாம், சூட்டைக் கூட்டிவிட்டுத்தான் வந்தேன், இனிமேல் குளிர்ந்தால் மேலே வந்து சொல் என்றேன். அவள் இன்னும் வாசலை மறைத்துக்கொண்டுதான் நின்றாள். வேறு எதற்காக வந்திருக்கிறேன் என்று காத்திருந்தாள். நானும் படிக்கு வெளியேதான் நின்றேன்.

இன்று ஒன்றாந்தேதி, எங்கள் ஊரில் இன்றைக்கு டீ குடிக்கிற நாள் என்றேன்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள், ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் பிடித்துக் கெட்டிலைப் போட்டாள், சின்ன விளக்கை அணைத்துவிட்டுப் பெரிய விளக்கைப் போட்டாள். எங்கள் மீட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும்.